கௌசல்யாவின் கம்பளிச் செருப்பு

வெயில் மண்டையைப் பிளக்கிற கிள்ளானில் எதற்கய்யா கம்பளிச் செருப்பு என்று என்னைக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர். அவர்களை எல்லாம் எங்கள் டயாலிசிஸ் சென்டரில் நாலு மணி நேரம் படுக்கப் போட வேண்டும். வாசலில் தார் உருகும், உள்ளே ஏர்கோன் பதினெட்டில் நிற்கும். போதாக்குறைக்கு, உடம்பிலிருந்து ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், இயந்திரத்தில் சுற்றி, ஆறிப்போய்த் திரும்பி வருகிறது. என் மனைவி கௌசல்யாவுக்கு இரண்டு வருடமாக, செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழிலிருந்து பதினொன்று வரை இதுதான் வேலை.

அவளுக்குப் பாதம் இரண்டும் அங்கே விறைத்துப் போகும். காலுறை போடலாம் என்றால், வீங்கிய காலில் அதன் ரப்பர் பட்டை சதையை அறுக்கிறது. போர்வை நழுவினால், கையில் ஊசி இருப்பதால் குனிந்து இழுத்துவிட முடியாது. அதனால் மூன்று மணி நேரம் ஆனதும், "போதும் மிஸி, கழட்டி விடுங்க" என்று தாதியிடம் பிடிவாதம் பிடிப்பாள். நோயாளியே வேண்டாம் என்றால் யார் என்ன செய்ய முடியும்? கழற்றி விடுவார்கள்.

தாதி ஷாமினி ஒரு நாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அங்கிள், இந்த மாசம் ஆன்டி ஒரு தடவைகூட நாலு மணி நேரம் முடிக்கல லா. இப்படியே கொறைச்சிக்கிட்டே போனா தண்ணி நெஞ்சுல ஏறிடும். அப்புறம் ஆஸ்பத்திரி, ஐசியூன்னு போயிடும். நீங்க கொஞ்சம் பேசுங்க."

நான் பேசினேன். அதாவது, காரில் வீடு வந்து சேரும்வரை கத்தினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்தது கோபம் இல்லை, பயம். இவள் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயம். அதை அப்படியே சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஏன் கத்தப் போகிறேன்?

துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவன் நான். ஒரு சாமான் சரியில்லை என்றால் கருவியை மாற்று, வேலை நடக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். ஆகவே கௌசல்யாவின் காலுக்கு ஒரு கருவி தேடினேன்.

சென்டரில் உறவினர்கள் உள்ளே இருக்கக் கூடாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள்தான். அங்கே என் பக்கத்து நாற்காலி அழகம்மை ஆச்சியுடையது. செட்டியார் வீட்டு அம்மா என்பதால் எல்லோருக்கும் ஆச்சி. அவர் கணவர் நாகப்பனுக்கும் கௌசல்யாவின் ஷிப்ட்தான். ஆச்சி நாலு மணி நேரமும் கொக்கி ஊசியும் நூலுமாகக் குரோஷே பின்னிக்கொண்டிருப்பார். நான் கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினேன். யாரோ ஒரு வெள்ளைக்காரி படகு மாதிரி பெரிதாகப் பின்னிய கம்பளிச் செருப்பைச் சுடுதண்ணீரில் துவைக்கிறாள். அது சுருங்கிச் சுருங்கி, பின்னலே தெரியாத கெட்டித் துணியாகி, பாதத்தை முழுக்க மூடுகிற செருப்பாக வெளியே வருகிறது. ரப்பர் பட்டை கிடையாது.

"அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல கமலநாதன் அண்ணே" என்றார் ஆச்சி. "நான் பின்னச் சொல்லித் தாரேன். ஆனா மொதல்ல கையகலத்துக்கு ஒரு சதுரம் பின்னி, சுடுதண்ணியில போட்டுப் பாருங்க. நூலு எவ்வளவு சுருங்குது, சுருங்குதா இல்லையான்னு தெரியாம பெருசா எதையும் ஆரம்பிக்காதீங்க."

நாற்பது டன் கன்டெய்னரை அரை அங்குலம் பிசகாமல் கப்பலில் இறக்கியவனிடம் சாம்பிள் கேட்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மறுநாளே மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரரிடம் நல்ல வூல் வேண்டும் என்றேன். "இதான் பாஸ், பியூர் வூல்" என்று நீல நிறத்தில் ஆறு உருண்டை எடுத்துக் கொடுத்தார். நானும் பூரித்துப்போய் வாங்கி வந்தேன்.

இரண்டு வாரம் பின்னினேன். விரல் நுனியெல்லாம் புண். பிறகு, தீபாவளிக்கு ஆட்டிறைச்சி சமைக்கிற பெரிய சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சவர்க்காரத்தைப் போட்டு, செருப்பிரண்டையும் உள்ளே தள்ளி, கரண்டியால் ஒரு மணி நேரம் கிண்டினேன். சுருங்கவில்லை. சுருங்காதது மட்டுமா, தொளதொளவென்று இன்னும் நீண்டது. வெளியே எடுத்தபோது ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம் இருந்தது. கௌசல்யா அடுப்படிக்கு வந்து சட்டியைப் பார்த்தாள்.

"இறைச்சிச் சட்டில சோப்புப் போட்டீங்களா?"

அதற்குப் பிறகு அவள் சொன்னதை எல்லாம் எழுத முடியாது. அந்தச் சட்டியைத் தேய்த்துத் தேய்த்தே அந்த வாரம் போயிற்று.

செவ்வாய்க்கிழமை, ஆச்சி என் நீல நூலில் ஒரு துண்டைக் கத்தரித்துக்கொண்டு கார் பார்க்கிங்கிற்குப் போனார். தீக்குச்சியைக் கிழித்து நூல் முனையில் வைத்தார். அது உருகி, கறுப்பாகக் குண்டுமணி அளவுக்குச் சுருண்டுகொண்டது. மூக்கில் பிளாஸ்டிக் நெடி ஏறியது.

"ஆட்டு ரோமமா இருந்தா தலைமுடி கருகுற நாத்தம் வரணும் அண்ணே. சாம்பலா உதிரணும். இது பிளாஸ்டிக். நம்ம ஊர்ல பின்னுற நூலு எதுவா இருந்தாலும் வூல்னுதான் சொல்லுவாங்க. கடைக்காரர் பொய் சொல்லல, நீங்கதான் கேக்கல."

அதற்குள் காவலாளி ஓடி வந்து, மருத்துவ நிலைய வாசலில் நெருப்பா என்று எங்கள் இருவரையும் திட்டினார். அறுபத்திரண்டு வயதில், தீக்குச்சி வைத்து விளையாடியதற்காகத் திட்டு வாங்கினேன்.

அடுத்த தடவை ஏமாறக் கூடாது என்று இணையத்தில் தேடி, இருப்பதிலேயே உயர்ந்த ரகமாக ஆர்டர் செய்தேன். அசல் ஆட்டு ரோமம். கொளுத்திப் பார்த்தேன், முடி கருகிய நாற்றம் வந்தது. ஆகா! உறையில் 'வாஷிங் மெஷினில் துவைக்கலாம்' என்று வேறு போட்டிருந்தது. நமக்கு அதுதானே வேண்டும் என்று அந்த வரியைப் பார்த்துத்தான் வாங்கினேன். மறுபடி இரண்டு வாரம். மறுபடி சுடுதண்ணீர், இந்தத் தடவை பிளாஸ்டிக் வாளியில். ஒரு சுற்றுகூடக் குறையவில்லை. பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று, சுத்தமாக, போட்டபடியே வெளியே வந்தது.

"மிஷின்ல துவைக்கலாம்னு எழுதியிருந்தா, சுருங்காம இருக்கறதுக்கு மருந்து போட்டு வெச்ச நூலுன்னு அர்த்தம்" என்றார் ஆச்சி, மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து. "சுருங்கணும்னு நினைக்கிறவரு, சுருங்காத நூலாத் தேடிப் புடிச்சு வாங்கியிருக்கீங்க. அந்தச் சதுரம் பின்னிப் பாத்திருந்தா ஒரு சாயந்திரத்துல தெரிஞ்சிருக்கும்."

உள்ளே கண்ணாடிக்கு அப்பால் மணி பத்தாயிருந்தது. கௌசல்யா கையைத் தூக்கி ஷாமினியைக் கூப்பிடுவது தெரிந்தது. கழற்றச் சொல்லுகிறாள். அந்தக் காட்சி என் திமிரை எல்லாம் ஒரு நொடியில் இறக்கிவிட்டது. சாம்பிள் பின்னுகிறேன் ஆச்சி, என்ன சொன்னாலும் கேட்கிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆச்சியின் தங்கை பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார். அவர் மகன் மெல்பர்னிலிருந்து கொண்டு வந்த நூல் அலமாரியில் கிடந்தது. மருந்து போடாத, சாயம்கூடப் போடாத, பால் நிற ஆட்டு ரோமம். கொம்யூட்டர் ரயிலில் போய் வாங்கி வந்தேன். சதுரம் பின்னினேன். பதினைந்து சென்டிமீட்டர் சதுரம் துவைத்த பிறகு பத்தாக நின்றது. இழைகள் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு, நகத்தால் பிரித்தாலும் வரவில்லை. அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு வாரம் எல்லோரிடமும் காட்டினேன்.

கௌசல்யா தூங்கும்போது அவள் பாதத்தைக் காலண்டர் அட்டையில் வரைந்து எடுத்தேன். அதைவிடப் பாதி மடங்கு கூட்டிப் பின்ன வேண்டும். தடித்த கொக்கி ஊசி, தளர்ந்த கை. எனக்குத் தளர்ந்த கை வராது. "நூலைக் கழுத்தை நெரிக்காதீங்க அண்ணே, அதுக்கு மூச்சு விட எடம் இருந்தாத்தான் சுருங்கும்" என்று ஆச்சி சொல்லிக்கொண்டே இருந்தார். நாலு தடவை பிரித்தேன். கடைசியில் யானைக்குட்டிக்கு ஆகிற அளவில் இரண்டு செருப்பு தயாரானது. கௌசல்யா அதில் ஒன்றைத் தலையில் கவிழ்த்துப் பார்த்தாள். தொப்பியாகவே இருந்தது.

டோபிக் கடைக்குப் புறப்படும்போது அவள் நிறுத்தினாள். "இருங்க, புதுசுல்ல" என்று, மஞ்சளைக் குழைத்து ஒரு செருப்பின் குதிகாலில் ஒரு பொட்டு வைத்தாள். எங்கள் வீட்டில் புதுத் துணி கைக்குட்டையானாலும் மஞ்சள் வைக்காமல் உடம்பில் படாது. நானும் நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டு மெஷினில் சுடுதண்ணீர் வராது என்பதால்தான் காசு போட்டுத் துவைக்கிற அந்த டோபிக் கடை. செருப்புகளைத் தலையணை உறையில் கட்டினேன், உராய்வதற்காக இரண்டு பழைய ஜீன்ஸும் கூடப் போட்டேன், சூடான தண்ணீர், குறைந்த நேரம். எல்லாம் ஆச்சி சொன்னபடி. முதல் சுற்று முடிந்தது. உறையை அவிழ்த்தேன். சரியாகத்தான் சுருங்கியிருந்தது. இன்னும் இரண்டு விரல் சுருங்கினால் போதும். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், ஆடிப் போய்விட்டேன். குதிகாலில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தச் சிவப்பு.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம், எட்டிப் பார்த்தார். "டாரா கெ, இன்சே?" ரத்தமா என்று கேட்கிறார். "புக்கான், புக்கான்", இல்லவே இல்லை என்றேன், ஆனால் எனக்கே சந்தேகம். மக்சிக் தன் வெள்ளைத் துணிகளைக் கூடையோடு கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

பதறிப்போய் ஆச்சிக்குப் போன் போட்டேன்.

"கௌசல்யா மஞ்சள் வெச்சாங்களா?" என்றார் எடுத்த எடுப்பிலேயே.

"ஆமா, பொட்டு மாதிரி வெச்சா."

"மஞ்சள்ல சோப்பு பட்டா செவக்கும் அண்ணே. நீங்க வாழ்க்கையில ஒரு நாளாவது துணி துவைச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். எலுமிச்சங்காயைப் பிழிஞ்சு தேய்ங்க, எறங்கிடும்."

கல்யாணமாகி முப்பத்து நாலு வருடத்தில் நான் சட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டதோடு சரி. சிவந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நல்லதை மட்டும் மறுபடி மெஷினில் போட்டு, அவசரத்தில் எதையோ அழுத்திவிட்டு, பக்கத்து மாமாக் டீக்கடைக்கு ஓடினேன். தே தாரிக் ஆற்றுகிற அண்ணனிடம் ஒரு வாளி சுடுதண்ணீரும் ஆறு எலுமிச்சங்காயும் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். செருப்புக்கு என்றேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை.

டோபி வாசலில் குந்தி உட்கார்ந்து, எலுமிச்சங்காயைப் பிழிந்து பிழிந்து தேய்த்தேன். கை சுட்டது, புண்ணில் புளிப்பு எரிந்தது. கடைக்காரர், வெள்ளைக்காரி, ஆச்சி, இந்த ஏர்கோன், அவளுடைய சிறுநீரகம் என்று ஒவ்வொருவரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே அரை மணி நேரம் கசக்கினேன். சிவப்பு இறங்கி, இளமஞ்சளாக நின்றது. பையிலிருந்த காலண்டர் அட்டையின் மேல் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் கௌசல்யாவின் பாதம். என் கசக்கலில் அது கெட்டிப்பட்டு, மிச்சமிருந்த இரண்டு விரல் அளவும் சுருங்கி, சொல்லி வைத்தது போல வந்திருந்தது.

துள்ளிக் குதித்து உள்ளே போனேன். மெஷினில் இன்னும் இருபது நிமிடம் பாக்கி என்று எண் ஓடிக்கொண்டிருந்தது. அவசரத்தில் நான் அழுத்தியது இருப்பதிலேயே நீளமான, சூடான சுற்று. கதவு பூட்டியிருந்தது. நிறுத்துகிற பொத்தானைத் தேடினேன், கிடையாது. எத்தனையோ கன்டெய்னரை அந்தரத்தில் அப்படியே நிறுத்தியிருக்கிறேன். இந்தக் கண்ணாடி வட்டத்துக்கு முன்னால் குனிந்து, உள்ளே உறை உருளுவதைப் பார்த்துக்கொண்டு, "நில்லு, நில்லு" என்று கத்தத்தான் முடிந்தது. மக்சிக் என் பக்கத்தில் வந்து நின்று, பாவம் என்று தலையை ஆட்டினார்.

கதவு திறந்தபோது, இரண்டாவது செருப்பு என் உள்ளங்கைக்குள் அடங்கியது. பலகை மாதிரி விறைப்பு.

வியாழக்கிழமை காலை, ஊசி குத்தி முடித்த பிறகு ஷாமினியிடம் அனுமதி கேட்டு உள்ளே போனேன். தலையைக் குனிந்துகொண்டு அந்த ஒற்றைச் செருப்பை நீட்டினேன்.

"இன்னொண்ணு?" என்றாள் கௌசல்யா.

பையிலிருந்து அந்தச் சிறிசை எடுத்துக் காட்டினேன். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஊசியில்லாத கையால் வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஊசிக் கை அசைந்து மெஷின் கீச் கீச்சென்று கத்தியது. ஷாமினி ஓடி வந்து, என்னவென்று பார்த்து, அவளும் சிரித்தாள். பக்கத்துக் கட்டிலில் நாகப்பன் செட்டியார் தூக்கம் கலைந்து, "யாரு எறந்தது?" என்றார்.

"வலது கால்ல போடுங்க" என்றாள் கௌசல்யா. போட்டுவிட்டேன். கால் விரலை உள்ளே அசைத்துப் பார்த்தாள். "கதகதன்னு இருக்கு."

நான் வெளியே வந்து உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் ஷாமினி கதவைத் திறந்தாள்.

"அங்கிள், சிலிப்பரை எடது காலுக்கு மாத்தணுமாம். எனக்கு ஆறு பேஷண்ட் இருக்கு, நீங்களே வந்து மாத்திட்டுப் போங்க. அஞ்சு நிமிஷம்தான்."

போனேன். மாற்றினேன். அந்த ஐந்து நிமிடத்தில், வீட்டுக் கேஸ் தோம்பு தீரப் போகிறது, பக்கத்து வீட்டு மாமரம் நம் கூரை மேல் சாய்கிறது என்று பேசினாள். அடுத்த அரை மணியில் மறுபடி அழைப்பு. மறுபடி வலது கால். மாமரத்துக்காரி பவுனம்மாள் மூன்று வருடத்துக்கு முன்னால் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நான் பதிலுக்கு டோபிக் கதையைச் சொன்னேன், பாதியில் ஷாமினி துரத்திவிட்டாள்.

மணி பத்தானது. ஆச்சியும் பின்னலை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக் கதவையே பார்த்தார். ஷாமினி வந்தாள்.

"கழட்டச் சொல்றாளா?"

"இல்ல லா அங்கிள், மக்சிக் உங்ககிட்ட என்ன சொன்னாங்கன்னு கேக்கணுமாம். காலும் மாத்தணுமாம்."

பதினொன்று அடித்தது. நாலு மணி நேரம். ஷாமினி அட்டையில் நேரத்தை எழுதிவிட்டு, என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள்.

காரில் கௌசல்யாவுக்குப் பெல்ட் மாட்டிவிட்டு, உற்சாகமாகச் சொன்னேன்: "நூல் இன்னும் மூணு உருண்டை இருக்கு. இப்ப எனக்கு வித்தை புடிபட்டுருச்சு. அடுத்த வாரத்துக்குள்ள ஜோடி சேத்துர்றேன்."

"வேணாம்" என்றாள்.

"ஏன், கதகதன்னு இருக்குன்னு சொன்னியே?"

"ரெண்டு காலுக்கும் போட்டுட்டா நீங்க வெளியவே உக்காந்துக்குவீங்க." மடியில் கிடந்த ஒற்றைச் செருப்பைத் தடவினாள். "ரெண்டு வருசமா அந்தக் கூரையையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன். மூணு மணி நேரத்துக்கு மேல முடியலைங்க."

நான் சாவியைத் திருகப் போன கையை எடுத்துக்கொண்டேன். எத்தனை செவ்வாய், எத்தனை வியாழன், பத்தடி தூரத்தில் கைப்பேசியில் வீடியோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. சாவியைத் திருகினேன்.

"பவுனம்மாள் அன்னிக்கு என்ன சொன்னா, அதை முழுசா சொல்லு" என்றேன்.

வீடு வந்து சேரும்வரை சொன்னாள்.